விஸ்தீரணம்

காங்கேயத்தில் ஜன்னலோரம் கிடைத்தால்
ஓலப்பாளையம் தாண்டுவதற்குள் ஆறு சொல் மனப்பாடம்.
பட்டா வருவாய்த்துறை கொடுப்பது,
பத்திரம் நாம் எழுதிப் பதிவது,
பட்டா வைத்திருப்பவனெல்லாம் பாத்தியக்காரன் இல்லை.
மூன்று தடவை முணுமுணுத்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர் தன் தேங்காய்ப்பருப்பு மூட்டையை
இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆவண எழுத்தர் உரிமத் தேர்வு
வைகாசி கடைசி ஞாயிறு.
பதினொரு வருசமாய் வெள்ளகோவிலில்
மாரப்பண்ணன் ஆபீசில் டைப் அடிக்கிறேன்.
சொல்லெல்லாம் விரலுக்குத் தெரியும்,
வாயைக் கேட்டால்தான் விழிக்கிறது.

ஈடு: கடன் வாங்கியவனிடமே நிலம் இருக்கும்.
போக்கியம்: நிலத்தோடு வெள்ளாமையும் கைமாறும்.
தானம்: கொடுத்தவர் உயிரோடிருக்கையிலேயே
வாங்கியவர் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.
உயில்: ஆள் போன பிறகுதான் பேச ஆரம்பிக்கும்.
இட்டேரி புத்தகத்தில் இல்லை,
வண்டிப்பாதை என்றுதான் இருக்கிறது.
பரீட்சைக்குப் பாதை என்பேன்.
பத்திரத்தில் இட்டேரி என்றே அடிப்பேன்,
இல்லாவிட்டால் கிளுவை வேலி
ஒரே ராத்திரியில் ஒரு முழம் நடந்துவிடும்.

வில்லங்கம் பார்த்துப் பழகலாமென்று
கூட்டமில்லாத ஒரு மத்தியானம்
தெரிந்த சர்வே நம்பர் ஒன்றைத் தட்டினேன்.
எங்கள் காடு.
எண்பத்தொன்பதில் கிரயம், அப்பன் பேரில்.
தொண்ணூற்றாறில் சொசைட்டிக்கு ஈடு.
இரண்டாயிரத்து மூன்றில் ஈடு ரத்து.
இரண்டாயிரத்து எட்டில் விடுதலை.
எழுதிக் கொடுத்தவர் கோகிலவாணி.
எழுதி வாங்கியவர் பூபதி.
பிரதிப்பிரயோஜனம் ரூபாய் ஐயாயிரம்.

கோகிலவாணி நான்தான்.
அப்பன் போன நாற்பதாம் நாள்,
பத்தொன்பது வயசு.
சும்மா ஒரு கையெழுத்துதான் கண்ணு என்றான் பூபதி.
ஐயாயிரத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.
பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும்
வாங்கிக் கொடுத்தான், அது இருக்கிறது.

நகலுக்கு மனுப் போட்டேன். வந்தது.
யாருடைய தூண்டுதலும் இல்லாமல்
மனப்பூர்வமாய்ச் சம்மதித்திருக்கிறேன்.
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
அவன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
இந்த வரியை நானே ஆயிரம் தடவை அடித்திருப்பேன்.
இதில் பேத்தி எங்கே என்று
விரல் ஒரு நாளும் நின்றதில்லை.

கடைசிப் பக்கத்தில்
ஆவணம் தயாரித்தவர்: மாரப்பன்.
எதிர் மேஜையில்
டிபன் பாக்ஸைத் திறந்து
கொள்ளுப்பருப்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார்.
ஏனுங்ண்ணா, இது ஞாபகம் இருக்குதுங்களா?
கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
எத்தனையோ எழுதறோம் அம்மிணி என்றார்.
சோறு நன்றாகப் பிசைந்தாகிவிட்டது.
அதற்குப் பிறகும் பிசைந்தார்.

கேள்வி பதினேழு, பத்து மதிப்பெண்.
கற்பனையான ஒரு நிலத்துக்குச் சொத்து விவரம் எழுதுக.
வடக்கே சென்னியப்பன் கொறங்காடு,
கிழக்கே தென்வடலாய்ப் போகும் பாதை
(அடித்துவிட்டு இட்டேரி),
தெற்கே ஊர்ப் பள்ளம்,
மேற்கே பூபதி பாகம்.
இதற்கு மத்தியில் புஞ்சைக் காடும்
காட்டிலுள்ள வெள்வேலம் ஒன்றும்,
பொதுக் கிணற்றில் ஆறில் ஒரு பங்கும்,
செவ்வாயும் சனியும் தண்ணீர் முறையும்
அஞ்சு ஹெச்பி மோட்டாரும் கோகிலவாணிக்கு.
மணி அடிக்க நாலு நிமிசம் இருக்கையில்
கையெழுத்து நடுங்கியிருந்தது தெரிந்தது.
திருத்தவில்லை.

அறுபத்தோரு மார்க். பாஸ்.
பதினேழாம் கேள்வியில் இரண்டு போய்விட்டது.
விஸ்தீரணம் எழுத மறந்திருக்கிறேன்.

உரிமம் வந்த வாரம்
என் மேஜைக்கு முதல் ஆள் வந்தார்,
முத்தூர்ப் பக்கம், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு.
விடுதலைப் பத்திரமுங்க, சட்டுனு முடிச்சிருங்க.
அந்தப் பிள்ளை போன் பார்த்துக்கொண்டிருந்தது.
ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு
உட்காரச் சொன்னேன்.
முதல் வரியிலிருந்து சத்தமாய் வாசித்தேன்.
அண்ணன்காரர் இரண்டு தடவை வெளியே போய் வந்தார்.
புஞ்சை ஏக்கர் மூணே முக்காலில்
பொதுவில் பாதி என்று வந்த இடத்தில்
மூச்சு விட நிறுத்தினேன்.
போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு
அது கேட்டது:
அத்தனையாங்க?